ஜூஸரும் டீஹைட்ரேட்டரும்: சேலத்திலும் ஏற்காட்டிலும் அடுப்பில்லாமல் சாப்பிடுகிறவர்களுக்கு

இனி அடுப்பு ஏற்றாத உணவு என்று ஒரு வீட்டில் முடிவானால், முதல் வாரத்திலேயே இரண்டு மெஷின் வாங்கும் யோசனை வந்துவிடும். பிழிய ஒன்று, உலர்த்த ஒன்று. கடைக்குக் கிளம்புமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எதை, வாரத்தில் எத்தனை நாள், எத்தனை பேருக்கு. கேரட், பீட்ரூட், நெல்லி என்று எழுதியவருக்கு ஒரு மெஷின். அருகம்புல், வல்லாரை, முருங்கை என்று எழுதியவருக்கு வேறு மெஷின். மாம்பழம், பப்பாளி, சப்போட்டா, வாழை என்று எழுதியவருக்கு ஜூஸரே வேண்டாம், வீட்டு மிக்ஸி போதும். சதைப்பழத்தை ஜூஸரில் போட்டால் சாறு வராது. கூழ் சல்லடையில் அப்பிக்கொண்டு கழுவும் வேலைதான் மிஞ்சும்.

கடையில் ஜூஸர் என்று கேட்டால் முதலில் எடுத்து வைப்பது சுழல் வகை. பல் வைத்த தட்டு நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றி, காயைத் துருவி, சல்லடைக் கூடையில் வீசிச் சாற்றைப் பிரிக்கும். கேரட், ஆப்பிள், சௌசௌ மாதிரி கெட்டிக் காய்க்கு வேகமானது, விலையும் குறைவு. இலையைப் போட்டால் பாதி இலை நசுங்காமலே சக்கைப் பக்கம் பறந்துவிடும். “இதில் சாறு சூடாகி என்சைம் எல்லாம் செத்துவிடும்” என்று சொல்லி அடுத்த விலை மெஷினைக் காட்டுவார்கள். அது மிகை. சில விநாடி மட்டுமே உள்ளே இருக்கும் சாறு சில டிகிரி கூடினால் அதிகம். உண்மையான குறை வேறு: காற்று கலந்து நுரை கட்டும், நேரம் போகப்போக நிறம் மாறும், சக்கையில் கணிசமான சாறு தங்கிவிடும். பிழிந்த கையோடு குடிக்கிறவருக்கு இது பெரிய குறையும் இல்லை.

அடுத்தது மெதுவாகத் திருகிப் பிழிகிற ஸ்லோ ஜூஸர். தடித்த திருகு ஒன்று நிமிடத்துக்கு 40 முதல் 80 சுற்றில் காயைச் சல்லடைமேல் நசுக்கும். மோட்டார் பெரும்பாலும் 150 முதல் 250 வாட்தான். வாட் கூடினால் சாறு கூடும் என்று நினைக்க வேண்டாம். மெதுவாகச் சுற்றும் திருகுக்கு வேகம் தேவையில்லை, இழுவைதான் தேவை. இதில் நின்ற வகை, படுத்த வகை என்று இரண்டு. நின்றது இடம் குறைவாக எடுக்கும், காய் தானாக உள்ளே இறங்கும், பல காய் கலந்து பிழிய வசதி. படுத்த வகையில் ஒவ்வொரு துண்டாகத் தள்ள வேண்டும். ஆனால் புல்லும் கீரையும் பிழிய அதற்கு நிகரில்லை, நார் சுற்றிக்கொள்வதும் குறைவு.

ஒருவருக்கு மட்டும் காலையில் அருகம்புல் சாறு போதுமென்றால் மின்சார மெஷினே தேவையில்லை. மேசை விளிம்பில் முறுக்கிப் பூட்டி, கைப்பிடியால் சுற்றும் ஸ்டீல் மெஷின் இருக்கிறது. 100 கிராம் புல்லைக் கொஞ்சம் தண்ணீர் தெளித்து இரண்டு முறை ஓட்டினால் ஒருவருக்கு வேண்டிய அளவு கிடைத்துவிடும். கரண்ட் போனாலும் கவலையில்லை.

ஸ்லோ ஜூஸர் வாங்கப் போகிறவர்கள் பையில் அரைக் கிலோ கேரட், ஒரு கட்டுக் கீரை, ஒரு துண்டு இஞ்சி போட்டுக்கொண்டு போங்கள். செய்து காட்டச் சொல்லத் தயங்காதீர்கள். கடைக்காரர் தன் ஆரஞ்சைப் பிழிந்து காட்டினால் அது சோதனை ஆகாது. ஆரஞ்சு எந்த மெஷினிலும் நன்றாகத்தான் வரும். அரைக் கிலோ கேரட்டுக்கு 250 முதல் 300 மில்லி வர வேண்டும். பிறகு சக்கையை உள்ளங்கையில் எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் சாறு சொட்டினால் அந்த மெஷின் சரியில்லை. மரத்தூள் மாதிரி உதிர்ந்தால் நல்லது. கீரை போட்ட பிறகு மூடியைத் திறக்கச் சொல்லித் திருகைப் பாருங்கள், நார் கயிறாகச் சுற்றியிருக்கிறதா என்று. கடைசியாக, முழுதாகக் கழற்றிப் பாகங்களை எண்ணுங்கள்: மேல் தொட்டி, திருகு, சல்லடை, சுற்றும் பிரஷ், கிண்ணம், சிலிகான் அடைப்புகள். ஐந்து நிமிடத்தில் கழுவி முடிக்க முடியாத மெஷின் மாதக் கடைசியில் பரணுக்குப் போய்விடும். சல்லடையும் சிலிகான் வளையமும் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று அங்கேயே கேளுங்கள். முதலில் தேய்வது அவைதான்.

அகலவாய் என்று விளம்பரம் செய்வதை நம்பி முழுக் காயைப் போடாதீர்கள். கேரட்டை விரல் நீளத்துக்கு வெட்டுங்கள். கீரைத் தண்டை இரண்டு அங்குலத்துக்கு நறுக்கி, ஒரு பிடி கீரை, இரண்டு துண்டு கேரட் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். கேரட் கீரையைத் தள்ளிக்கொண்டு போகும். இஞ்சியை நாருக்குக் குறுக்கே வில்லையாக அரியுங்கள். நெல்லிக்குக் கொட்டை எடுத்தே ஆக வேண்டும்; ஒரு கொட்டை போதும், திருகு விரிசல் விட. ஏற்காட்டு ஆரஞ்சுக்குத் தோல் கையோடு வந்துவிடும், உரித்தே போடுங்கள். தோலின் எண்ணெய் சாற்றைக் கசக்க வைக்கும், சில பிளாஸ்டிக்கையும் அரிக்கும். தேங்காய்ப்பால் எடுக்க, தேங்காயைச் சிறு பல்லாகக் கீறி, வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊற வைத்து நீரோடு போட்டால் திருகு சிக்காது.

ஓடும்போது திருகு நின்றுவிட்டால் அழுத்தித் தள்ளக் கூடாது. நிறுத்தி, பின்சுற்று பட்டனை ஐந்து விநாடி, இரண்டு மூன்று முறை. மூடி திறக்க வராமல் இறுகிக்கொண்டாலும் அதே வைத்தியம்தான். கிண்ணத்தின் அடியில் சாறு கசிந்தால் மோட்டார் போய்விட்டது என்று பதற வேண்டாம். கழுவிவிட்டுச் சிலிகான் அடைப்பைத் தலைகீழாகவோ அரைகுறையாகவோ செருகியிருப்பீர்கள். சும்மா ஓடும்போது கீச்சென்று சத்தம் வந்தால் அது காய்ந்து உரசும் சத்தம், காய் விழுந்ததும் அடங்கும். தொடர்ந்து எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்பது பெட்டியிலேயே இருக்கும். பலவற்றுக்கு 20 முதல் 30 நிமிடம், பிறகு ஆற விட வேண்டும்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் தனித் தொல்லை ஒன்று உண்டு. சல்லடையைக் கழுவிச் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். துளைகள் பளிச்சென்று தெரியாமல் மங்கலாக, வெள்ளைப் பொடி பூத்தாற்போல் இருந்தால் சுண்ணாம்பு படிந்திருக்கிறது. சாறு குறைவதும் சக்கை ஈரமாக வருவதும் அதனால்தான். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு டீஸ்பூன் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்து அரை மணி ஊற வைத்து, பிரஷை வெளிப்பக்கமிருந்து உள்நோக்கித் தேயுங்கள். வாரம் ஒருமுறை செய்தால் போதும்.

பச்சையாகச் சாப்பிடக் கூடாதவை பற்றி இரண்டு வார்த்தை. சேலத்தில் எங்கும் மலிவாகக் கிடைக்கும் மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கு இந்த இரண்டு மெஷினுக்கும் ஆகாது. அதைப் பச்சையாக நசுக்கினால் சயனைடு வெளிப்படும். டீஹைட்ரேட்டரின் இளஞ்சூட்டில் வற்றலாக்கினாலும் அது முழுதாகப் போகும் என்று நம்ப முடியாது. வேக வைத்தே சாப்பிட வேண்டிய கிழங்கு அது. சுரைக்காய், வெள்ளரி பிழியுமுன் காம்புப் பக்கத்தில் ஒரு சீவல் எடுத்து நாக்கில் வையுங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் எறியுங்கள். தேனோ எலுமிச்சையோ சேர்த்துக் கசப்பை மறைத்துக் குடித்தவர்களுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்த வாந்தி வரை போயிருக்கிறது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பசலை, பீட்ரூட் சாற்றைத் தினமும் எடுக்கக் கூடாது.

இனி உலர்த்தும் மெஷின். ஜூஸரில் தவறினால் சாறு குறையும், அவ்வளவுதான். இதில் தவறினால் பூஞ்சை.

சமைக்காமல் உண்பவர்கள் பொதுவாக 48 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பார்கள். 42 என்பவர்களும் உண்டு. அது ஒரு வழக்கம், அதற்கு மேல் ஒரு டிகிரியில் என்சைம் எல்லாம் அழிந்துவிடும் என்றில்லை. ஆனால் அந்த வழக்கப்படி நடக்க விரும்பினால், மெஷினில் பார்க்க வேண்டிய முதல் விஷயம் குறைந்த சூட்டைச் சரியாகப் பிடித்து வைக்கிறதா என்பதே. சூட்டுக் கட்டுப்பாடே இல்லாமல் ஒரே ஸ்விட்சோடு வரும் மலிவு மெஷின்கள் நேரே 60, 70க்குப் போய் நிற்கும். சூட்டைக் கூட்டிக் குறைக்க, 35 அல்லது 40இல் தொடங்கும் திருகு வேண்டும். வாங்கி வந்த அன்றே குச்சி வெப்பமானி ஒன்றைக் காலித் தட்டில் வைத்து, 45க்குத் திருகி, அரை மணி கழித்து மேல், நடு, கீழ் மூன்று தட்டிலும் பாருங்கள். ஐந்து டிகிரி ஏற்ற இறக்கம் சாதாரணம். 45 என்று வைத்ததற்கு 56 காட்டினால் உடனே மாற்றிவிடுங்கள்.

வட்டத் தட்டுகளை அடுக்கி, அடியிலோ தலையிலோ மின்விசிறி வைத்தவை ஒரு வகை. விலை குறைவு, 250 முதல் 500 வாட். விசிறிக்குப் பக்கத்துத் தட்டு சீக்கிரம் காயும், தூரத்தில் இருப்பது ஈரமாக நிற்கும்; இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தட்டை மாற்றி அடுக்க வேண்டும். அடியில் விசிறி இருந்தால் மாம்பழக் கூழ் வழிந்து நேரே மோட்டாரில் சொட்டும். பெட்டி வகையில் விசிறி பின்சுவரில் இருந்து எல்லாத் தட்டுக்கும் ஒரே சீராக வீசும். அடிக்கடி உலர்த்தப் போகிறவர்கள் பணத்தை இங்கே போடலாம்.

எத்தனை தட்டு என்பதற்குக் கணக்கு எளிது. ஒரு கிலோ பழத்தை 5 மில்லிமீட்டர் வில்லையாக அரிந்து இடைவெளி விட்டுப் பரப்ப ஏறக்குறைய 2,700 சதுர சென்டிமீட்டர் வேண்டும். அதாவது 30க்கு 30 தட்டு மூன்று. ஆறு தட்டு மெஷினில் இரண்டு கிலோ. கரண்ட் கணக்கும் இப்படியே: 500 வாட் மெஷினில் ஹீட்டர் பாதி நேரம் எரிந்தால் 12 மணி நேரத்துக்கு 3 யூனிட். ஹீட்டரை வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டாதீர்கள். மின்தடைக்குப் பிறகு விட்ட இடத்தில் தொடர்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பட்டன் வகைகளில் சில கரண்ட் வந்தும் அணைந்தபடியே நிற்கும், விடியற்காலையில் பார்த்தால் புளித்த வாடை அடிக்கும். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் 110 வோல்ட் மெஷினை மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும்: பனி மூடிக் கிடக்கும் ஊரில் எது காயும்? காயும். 18 டிகிரியில் 90 சதவீதம் ஈரப்பதம் உள்ள காற்றை 45 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 19 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஐப்பசி மழையில் சேலத்துக் காற்று 28 டிகிரி, 85 சதவீதம் என்று வையுங்கள். அதையும் 45க்கு ஏற்றினால் 33 சதவீதம்தான் வரும். மழைக்காலத்தில் மலையைவிடக் கீழேதான் மெதுவாகக் காயும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மலையில் உள்ள சிரமம் வேறு இரண்டு. காற்றை 27 டிகிரி ஏற்ற வேண்டியிருப்பதால் 250 வாட் மெஷின் திணறும். 500க்குக் குறையாமல் வாங்குங்கள். காய்ந்ததை வெளியே எடுத்தால் கொஞ்ச நேரத்தில் ஈரம் குடித்து நமத்துவிடும். அணைத்து, கதவைத் திறக்காமல் அரை மணி ஆற விட்டு, எடுத்த கையோடு பாட்டிலில் மூடுங்கள்.

சேலத்தில் பங்குனி, சித்திரையில் மெஷினே வேண்டாம் என்றும் சொல்லலாம். ஜவ்வரிசி ஆலைக் களத்தில் செய்வதுதான் பாடம்: மெல்லிசாகப் பரப்பு, அடிக்கடி கிளறு. வலைத்தட்டு, மேலே மெல்லிய துணி, காலுக்கடியில் செங்கல் வைத்துக் கீழேயும் காற்று போக வழி. சாயங்காலம் வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும்.

குறைந்த சூட்டில் பலரும் செய்யும் தவறு தடிப்பாக அரிவது. 40 டிகிரியில் ஈரமான தடித்த துண்டு பல மணி நேரம் கிடந்தால் காய்வதற்குள் புளித்துவிடும். அந்தச் சூடு கிருமிக்குச் சுகமான சூடு. எதிர்ப்பக்கத் தவறு, 65இல் வைத்து அவசரப்படுத்துவது. மேல்தோல் கெட்டியாகி ஈரத்தை உள்ளே பூட்டிக்கொள்ளும், தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், பத்தாம் நாள் பூஞ்சை பூக்கும். நடுவழி இது: 4, 5 மில்லிமீட்டர் வில்லை. முதல் ஒரு மணி நேரம் காற்றை 60இல் வையுங்கள். ஈரம் ஆவியாகும் வரை பழம் காற்றின் சூட்டை எட்டாது; சந்தேகம் இருந்தால் வெப்பமானிக் குச்சியைத் துண்டுக்குள் செருகிப் பாருங்கள். பிறகு 45க்கு இறக்கிவிடுங்கள். இந்தச் சூடு எதையும் கிருமி நீக்கம் செய்யாது, ஆகவே கழுவுவதில் கஞ்சத்தனம் கூடாது.

மாம்பழத்துக்கு நாரில்லாத பழமாகப் பாருங்கள். கூழை மிக்ஸியில் ஒரு சுற்று அடித்து, சிலிகான் விரிப்பில் 4 மில்லிமீட்டர் தடிமனாக, ஓரம் மட்டும் சற்றுத் தடிப்பாகப் பரப்புங்கள்; ஓரம்தான் முதலில் காய்ந்து உடையும். வாழையிலையில் பரப்பலாமே என்று தோன்றும், இலையும் சேர்ந்து சுருண்டு கூழோடு ஒட்டிக்கொள்ளும். 600 கிராம் கூழ் சுமார் 120 கிராமாக இறங்கும்போது எடுக்கலாம். கைக்குத் தெரியாத ஈரம் தராசுக்குத் தெரியும், எதை உலர்த்தினாலும் முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள்.

ஜூஸர் சக்கையை இங்கே கொண்டு வாருங்கள். 300 கிராம் கேரட் சக்கை, 50 கிராம் ஆளிவிதைப் பொடி, 30 கிராம் எள், இஞ்சி, மிளகு, உப்பு, பிசைய அரை டம்ளர் தண்ணீர். கால் மணி ஊறியதும் ஆளி பசை விடும். மெல்லிசாகத் தட்டி, கத்தியால் கோடு கீறி, 48இல் வையுங்கள். ஐந்து மணி கழித்துத் திருப்பி, விரிப்பை எடுத்துவிட்டு வலைத்தட்டில் இன்னொரு ஆறேழு மணி. ஒடித்தால் சடக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் உள்ளே தள்ளுங்கள்.

பழ வற்றலைக் கண்ணாடி பாட்டிலில் முக்கால் அளவு நிரப்பி ஒரு வாரம் தினமும் குலுக்குங்கள். மேல்சுவரில் ஒரு துளி நீர் பூத்தாலும் அத்தனையும் மறுபடி தட்டுக்குப் போக வேண்டும். கறுப்பாகவோ வெள்ளையாகவோ புள்ளி தெரிந்தால் அந்த ஒரு துண்டை மட்டும் பொறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடாதீர்கள், பாட்டிலோடு கொட்டிவிடுங்கள்.