சிங்கப்பூர் உணவங்காடியில் முதல் சாப்பாடு: இடம் பிடிப்பது முதல் தட்டைத் திருப்புவது வரை

ஊரிலிருந்து சிங்கப்பூர் வருகிறவர்கள் முதல் நாள் லிட்டில் இந்தியாவிலுள்ள டெக்கா உணவங்காடியில் பிரியாணி சாப்பிடுகிறார்கள். நான்காம் நாளும் அங்கேயேதான். அந்தப் பிரியாணியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தத் தீவில் நூற்றுக்கும் மேற்பட்ட உணவங்காடி நிலையங்கள் இருக்கின்றன. மற்றவற்றுக்குள் நுழையவிடாமல் தடுப்பது பெரும்பாலும் ருசியல்ல, எப்படிக் கேட்பது, எங்கே உட்காருவது என்ற தயக்கம்தான். அதை ஒரே வேளையில் போக்கிக்கொள்ளலாம்.

முதலில் ஒரு விஷயம். உணவங்காடி நிலையம் ஓட்டல் அல்ல. தெருவோரம் தள்ளுவண்டியில் விற்றவர்களைத் தண்ணீர், கழிவுநீர் வசதியுள்ள கட்டடங்களுக்கு 1971 முதல் 1986 வரை அரசு மாற்றியது. அதனால் கூரை ஒன்றுதான், வியாபாரம் கடைக்குக் கடை வேறு. ஒரு கடையில் சிக்கன் ரைஸ் மட்டும், பக்கத்துக் கடையில் மீன் சூப் மட்டும் என்றிருக்கும். மேசை பொது, பரிமாற ஆள் கிடையாது. 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றதும் இந்த ஒட்டுமொத்த வாழ்க்கைமுறைதான், ஏதோ ஒரு பண்டம் அல்ல.

படி 1: எங்கே, எப்போது

முதல் வேளைக்கு டெக்காவே சரி. லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் சி வழியாக வெளியேறினால் எதிரே இருக்கும். தமிழில் கேட்டு வாங்கலாம், முறை பிடிபடும். இரண்டாம் வேளையைக் கண்டிப்பாக வேறிடத்தில் வையுங்கள். மேக்ஸ்வெல் நல்ல தேர்வு, அதே பெயருள்ள ரயில் நிலையம் வாசலிலேயே இருக்கிறது. ஒரே கட்டடத்தில் இருநூறு கடைக்கு மேல் பார்க்க ஆசையிருந்தால் சைனாடவுன் காம்ப்ளக்ஸ் போகலாம். முதல் முறை அங்கே போனால் கடைகளைச் சுற்றிப் பார்த்தே களைத்துவிடுவீர்கள்.

அலுவலகங்கள் சூழ்ந்த இடங்களில் பகல் 12 முதல் 1.30 வரை நெரிசல். 11.15க்குப் போய்விடுங்கள். காலைக் கடைகள் பிற்பகல் இரண்டு மணிக்கே மூடத் தொடங்கும். இரவுக் கடைகள் மாலையில்தான் அடுப்பு மூட்டும். பல கடைகளுக்குத் திங்கட்கிழமை விடுப்பு. போதாக்குறைக்கு, காலாண்டுக்கு ஒருமுறை நிலையம் முழுவதும் கழுவலுக்காக மூடப்படும். அந்தத் தேதிகளைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் முன்கூட்டியே வெளியிடுகிறது. அதைப் பார்க்காமல் அரை மணி நேரம் ரயிலில் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவோர் நிறைய.

படி 2: கையில் என்ன வேண்டும்

ஆளுக்கு 10 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதையும் இரண்டு, ஐந்து வெள்ளித் தாள்களாக. ஒரு சாப்பாடும் ஒரு பானமும் அதற்குள் பெரும்பாலும் அடங்கும். கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீடு பெரும்பாலும் உள்ளூர் வங்கிக் கணக்குக்கானது, உங்கள் செயலி அதைப் படிக்காமல் போகலாம். டிஷ்யூ பாக்கெட் ஒன்று, தண்ணீர் பாட்டில் ஒன்று. இவை இரண்டையும் மேசையில் யாரும் வைக்க மாட்டார்கள்.

படி 3: இடம் பிடித்தல்

கூட்ட நேரத்தில் உணவு வாங்குவதற்கு முன்பே இடம் பிடிக்க வேண்டும். காலி மேசையில் டிஷ்யூ பாக்கெட்டை வைத்தால் அது உங்கள் இடம். இதற்கு உள்ளூர்ப் பெயர் 'சோப்'. துணி துவைக்கும் சோப்பைத் தேடாதீர்கள். குடையும் வைக்கலாம், கைப்பேசி வேண்டாம். அதேபோல் அடுத்தவர் வைத்த பாக்கெட்டை யாரோ மறந்துவிட்டார்கள் என்று எடுத்து மூக்கைத் துடைத்துவிடாதீர்கள்.

நான்கு பேர் மேசையில் இருவர் இருந்தால், காலி நாற்காலியைக் காட்டி ஆள் வருகிறார்களா என்று கேட்டுவிட்டு உட்காரலாம். முகம் தெரியாதவரோடு ஒரே மேசையில் சாப்பிடுவது இங்கே சாதாரணம். பேச்சுக் கொடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மேசையில் எண் இருந்தால் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், சில கடைகள் கொண்டுவந்து தருவார்கள். 'செல்ஃப் சர்வீஸ்' என்று எழுதியிருந்தால் நீங்கள்தான் தூக்கிவர வேண்டும்.

படி 4: கேட்டு வாங்குதல்

சீனக் கடைகளில் வயதானவரை அங்கிள், ஆன்டி என்று அழைத்தால் போதும். டெக்காவில் அண்ணே, அக்கா. வரிசை நகரும் வேகத்துக்கு நீங்கள் முன்னே போகும்போது பதில் தயாராக இருக்க வேண்டும். கடைக்காரர் கேட்கும் கேள்விகள் கடைக்குத் தகுந்தபடி மாறும்:

நூடுல்ஸ் கடையில் மூன்று கேள்விகள். எந்த வகை (தட்டையான மீ போக், மெல்லிய மீ கியா, அரிசி நூலான பீ ஹூன்), சூப்பா டிரையா, சில்லி வேண்டுமா வேண்டாமா. டிரை என்றால் காய்ந்ததல்ல. சாந்தில் புரட்டித் தருவார்கள், சூப் தனிக் கிண்ணத்தில் வரும்.

சிக்கன் ரைஸில் வேகவைத்ததா, ரோஸ்ட்டா என்பார்கள். வேகவைத்த கோழி எலும்போரம் இளஞ்சிவப்பாக இருந்தால் புதிதாக வருகிறவர்கள் பதறுகிறார்கள். கொதிநிலைக்குக் கீழே மெதுவாக வேகவைத்து, உடனே ஐஸ் நீரில் போடும் பக்குவம் அது. மனம் ஒப்பவில்லையென்றால் ரோஸ்ட் கேளுங்கள். எப்படியானாலும் சோற்றைத் தனியாக ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள், அந்தக் கடையின் கைப்பக்குவம் அதில்தான் தெரியும்.

இந்திய ரோஜாக் கடையில் கண்ணாடிக்குப் பின்னே உள்ள வடை, உருளைக்கிழங்கு, முட்டை, தவ்ஹு (டோஃபு) என்று நீங்களே காட்ட வேண்டும். அவற்றை நறுக்கி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு சேர்த்த இனிப்புக் காரக் குழம்போடு தருவார்கள். கணக்கு துண்டுக்கு இத்தனை. இருவருக்கு ஆறு துண்டு போதும். இறால் வடைக்கு விலை கூடுதல் என்பது பணம் கொடுக்கும்போதுதான் பலருக்குத் தெரிகிறது. கடல் உணவுக் கடைப் பலகையில் 'சீசனல் பிரைஸ்' என்றிருந்தால் எடைபோட்டு மொத்தம் எத்தனை வெள்ளி என்று சமைப்பதற்கு முன்பே கேளுங்கள்.

படி 5: காப்பி

பானங்களுக்குத் தனிக் கடை. வெறும் 'கோப்பி' என்றால் கண்டென்ஸ்டு மில்க் ஊற்றிய, நன்கு இனிக்கும் காப்பி. ஃபில்டர் காப்பி நினைப்பில் குடித்து முகம் சுளிப்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். சொற்களை அடுக்கிக் கேட்க வேண்டும். 'ஓ' என்றால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. 'சி' என்றால் எவாப்பரேட்டட் மில்க்கும் சர்க்கரையும். 'காவ்' என்றால் ஸ்ட்ராங். 'சியூ டாய்' இனிப்புக் குறைவு. 'கோசோங்' சர்க்கரையே வேண்டாம். 'பெங்' ஐஸ், இதற்குச் சில காசு கூடும். நம்மூர் நாக்குக்கு நெருங்கி வருவது 'கோப்பி சி காவ் சியூ டாய்'. தேநீருக்கும் இதே இலக்கணம், கோப்பிக்குப் பதில் 'தே'. இஞ்சி போட்டது வேண்டுமென்றால் 'தே ஹாலியா'.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு

கண்ணுக்குக் காய்கறியாகத் தெரிவதை நம்பக் கூடாது. சம்பல் கங்கோங் கீரைதான், ஆனால் சம்பல் என்ற மிளகாய்ச் சாந்தில் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும். சிக்கன் ரைஸில் கோழியை நீக்கிவிட்டுச் சோறு மட்டும் கேட்டாலும், அது கோழிக் கொழுப்பிலும் சாற்றிலும் வெந்தது. கேரட் கேக்கில் கேரட் இல்லை. முள்ளங்கியும் அரிசிமாவும் சேர்ந்த பணியாரத்தை முட்டையோடு வறுத்தது, பன்றிக் கொழுப்பும் சேரலாம். பரோட்டாவுக்கு ஊற்றும் குழம்பு மீன் குழம்பாக இருக்கலாம், பருப்பு மட்டும் என்று சொல்லிக் கேளுங்கள். 'வெஜிடேரியன்' என்று பலகை வைத்த சீனக் கடைகள் பல நிலையங்களில் உண்டு. அங்கே தட்டில் இறைச்சி போலக் கிடப்பது சோயா அல்லது கோதுமைப் புரதம். வறுத்த பீ ஹூனோடு இரண்டு காய் வாங்கினால் வயிறு நிறையும்.

படி 6: தட்டைத் திருப்புதல்

சாப்பிட்டதும் தட்டு, கிண்ணம், கசங்கிய டிஷ்யூ எல்லாவற்றையும் திருப்பும் அடுக்கில் கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பர் 1 முதல் இது கட்டாயம். முதல் முறை எச்சரிக்கை, மறுமுறை 300 வெள்ளி அபராதம். அடுக்குகள் இரண்டு வகை: ஹலால், ஹலால் அல்லாதவை. முஸ்லிம் கடைப் பாத்திரங்கள் தனியாகச் சேகரிக்கப்படுவதால் மாற்றி வைக்கக் கூடாது. ஒரே மேசையில் பிரியாணியும் பன்றி இறைச்சி நூடுல்ஸும் சாப்பிட்டிருந்தால் இரண்டு நடை நடக்க வேண்டியதுதான். அதே காரணத்தால், நூடுல்ஸ் கடைக் கரண்டியைக் கொண்டுபோய் முஸ்லிம் கடைக் கிண்ணத்தில் போடாதீர்கள்.

மிச்சம் இருந்தால் தட்டை அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவப் போகாதீர்கள். மைனாக்கள் உங்கள் முதுகு திரும்பும்வரை காத்திருக்கும். பொட்டலம் வேண்டுமென்றால் வாங்கும்போதே 'தாபாவ்' என்று சொல்லுங்கள், டப்பாவுக்கு இருபது முப்பது காசு சேர்ப்பார்கள்.