கவரிங் தோடு போட்டா காது புண்ணாகுதா? இப்படி ஆரம்பிங்க

ஒரு கல்யாணத்துக்கு ஆசையா கவரிங் ஜிமிக்கி போட்டுட்டு போனேன், மறுநாள் அரிப்பு, மூணாம் நாள் காதுல தண்ணி வடியுது. அம்மா "உனக்கு தங்கம் தவிர எதுவும் ஒத்துக்காதுடி"ன்னாங்க. பாதி சரிதான். ஒத்துக்காதது கவரிங் இல்ல, அதுல கலந்திருக்கற நிக்கல்ங்கற உலோகம். வேர்வை பட்டா நிக்கல் கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு தோலுக்குள்ள போகும், அதனாலதான் ஏசி ரூம்ல சும்மா இருக்கற அதே நகை வெயில்ல படுத்தி எடுக்கும்.

மொதல்ல எல்லாத்தயும் கழட்டுங்க. புண்ணு முழுசா ஆறற வரைக்கும் காதுல ஒண்ணும் வேணாம். அப்புறம் ஒவ்வொண்ணா போட்டு பாருங்க, ஒரே நாள்ல புது தோடு, புது க்ரீம், புது பொட்டுன்னு ஆரம்பிச்சா எது வேலைய காட்டுச்சுன்னே தெரியாது. இந்த அலர்ஜி உடனே வராது, ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சுதான் வரும், அதான் நேத்து சாப்ட்ட கத்திரிக்காய் மேல பழி போடறோம்.

அடுத்து நகைய டெஸ்ட் பண்ணுங்க. நிக்கல் டெஸ்ட் கிட்னு ஆன்லைன்ல கிடைக்குது. பஞ்சுல சொட்டு விட்டு நகைய தேய்ச்சா, பஞ்சு ரோஸ் கலராச்சுன்னா நிக்கல் வெளிய வருதுன்னு அர்த்தம். எல்லாரும் தோட்டோட முன்பக்கத்த தேய்ச்சுட்டு விட்டுடறாங்க, காதுக்குள்ள போற தண்டையும் திருகாணியயும்தான் முக்கியமா பாக்கணும். தங்கத் தோட்டுக்கு வேற திருகாணி மாட்டியிருந்தா அதயும் விடாதீங்க. புது கவரிங்கா இருந்தா மேல்பூச்சு தேய்ஞ்சப்புறம் இன்னொரு தடவ பாருங்க.

அப்ப என்னதான் போடறது? 916 தங்கத்துல 91.6 சதவீதம் தங்கம், மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும், அதனால நிறைய பேருக்கு ஒத்துக்கும். ஒயிட் கோல்டுல நிக்கல் கலக்கறதும் உண்டு, கேட்டு வாங்குங்க. சர்ஜிக்கல் ஸ்டீல்லயும் நிக்கல் இருக்கு, ஆனா லேசுல வெளிய விடாது. புதுசா காது, மூக்கு குத்தறவங்களுக்கு டைட்டானியம் நல்லது. தாலிச் செயின் அரிச்சா மஞ்சக் கயித்துக்கு மாறிடுங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஃபங்ஷனுக்கு போட்டே ஆகணும்னா தண்டுல கலர் இல்லாத நெயில் பாலிஷ் ரெண்டு கோட் அடிங்க, ஒரு சாயங்காலம் தாங்கும், அவ்ளோதான். ஊக்கு, ஜீன்ஸ் பட்டன், வாட்ச் பக்கிள் இதெல்லாமும் இதே கேஸ்தான்.

ஸ்டிக்கர் பொட்டு வேற கதை. அங்க பிரச்சனை பின்னாடி இருக்கற பசை. பொட்டு வெக்கற எடத்துல அரிப்போ வெள்ளையாவோ தெரிஞ்சா அன்னிக்கே நிறுத்திட்டு தோல் டாக்டர பாருங்க, சில பசைல இருக்கற கெமிக்கல் தோலோட நிறத்தயே எடுத்துடும், திரும்ப வர ரொம்ப நாளாகும்.

ஹேர் டை போடறதுக்கு 48 மணி நேரம் முன்னாடி அட்டைப்பெட்டில சொல்லியிருக்கற மாதிரி கொஞ்சமா தடவி பாருங்க. ஏற்கனவே ஒரு தடவ டை போட்டு முகம் வீங்கினவங்க டையும் போடாதீங்க, இந்த டெஸ்ட்டும் பண்ணாதீங்க, மூச்சு திணறுச்சுன்னா நேரா ஆஸ்பத்திரி. பத்தே நிமிஷத்துல கருப்பா புடிக்கற மருதாணி கிட்டயும் போகாதீங்க, நிஜ மருதாணி செவக்கும், கருக்காது. அந்த கருப்புல ஹேர் டைல இருக்கற பிபிடிங்கற கெமிக்கல கலப்பாங்க, ஒரு தடவ அலர்ஜி ஆயிட்டா அப்புறம் டையே போட முடியாம போகலாம்.

நெயில் பாலிஷ் இன்னும் திருட்டுத்தனம், விரல் நல்லா இருக்கும், கண்ணிமை வீங்கும், ஏன்னா கை அடிக்கடி முகத்துக்கு போகுது. க்ரீம்ல "ஹெர்பல்"னு போட்டிருந்தா நம்பாதீங்க, வாசனை சேர்க்காததான்னு மட்டும் பாருங்க. தெனம் ரெண்டு வேளை முழங்கை மடிப்புல ஒரு வாரம் தடவிட்டு ஒண்ணும் ஆகலன்னா முகத்துக்கு போங்க.

இவ்ளோ பண்ணியும் புடிபடலன்னா தோல் டாக்டர்கிட்ட பேட்ச் டெஸ்ட் கேளுங்க. அலர்ஜி குடுக்கக்கூடிய பொருட்கள கொஞ்சம் கொஞ்சமா முதுகுல ஒட்டி 48 மணி நேரம் விடுவாங்க, எடுத்தப்புறம் ரெண்டு நாள் கழிச்சு திரும்ப பாப்பாங்க. முதுகு நனையக் கூடாது, வேர்க்கவும் கூடாது, அதனால அக்னி நட்சத்திரத்துல மட்டும் தேதி வாங்கிடாதீங்க.