ஷீல்டு கேபிள்: தேர்விலும் பொருத்துவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்சார் காட்டும் அளவு காரணமில்லாமல் ஏறி இறங்கினாலோ, ஒலிபெருக்கியில் ரீங்காரம் விடாமல் கேட்டாலோ, சாதாரண கேபிளை எடுத்துவிட்டு, வெளி மின் இரைச்சலைத் தடுக்கக் கம்பிகளைச் சுற்றி உலோக உறை (ஷீல்டு) போட்ட ஷீல்டு கேபிளைப் போடுவதே பலருக்கும் முதலில் தோன்றும் தீர்வு. மாற்றிய பிறகும் இரைச்சல் குறையவில்லை என்றால், பெரும்பாலும் ஷீல்டின் வகை தவறாக இருக்கும், அல்லது அதன் முனை சரியாக இணைக்கப்பட்டிருக்காது.

முதல் தவறு வகை பாராமல் வாங்குவது. பாலியெஸ்டர் படலத்தில் அலுமினியம் ஒட்டிய ஃபாயில் ஷீல்டு, கம்பிகளை 100 சதவீதம் மூடுவதால் உயர் அதிர்வெண் இரைச்சலை நன்றாகத் தடுக்கும். ஆனால் அதன் மின்தடை அதிகம், திரும்பத் திரும்ப வளைத்தால் கிழிந்தும் போகும். செம்பு இழைகளால் பின்னப்பட்ட பிரெய்டு பொதுவாக 70 முதல் 95 சதவீதம் வரைதான் மூடும் என்றாலும், மின்தடை குறைந்தது, உறுதியானது. இழைகளை ஒரே திசையில் சுற்றிய சுருள் ஷீல்டு நன்கு வளைந்து கொடுப்பதால் மைக் கேபிள்களுக்கு ஏற்றது. உயர் அதிர்வெண்ணுக்கு அது உதவாது. ஓயாமல் அசையும் இயந்திரக் கைக்கு ஃபாயில் மட்டும் உள்ள கேபிளைப் போடுவது, பழுதை நாமே வரவழைத்துக் கொள்வதாகும்.

நெட்வொர்க் கேபிளை வெறுமனே ‘எஃப்டிபி’ (ஃபாயில் சுற்றிய முறுக்கு ஜோடி) என்று கேட்டு வாங்குவதும் குழப்பத்தில்தான் முடியும். இந்தக் கேபிள்களின் முழுப் பெயரில் ஒரு சாய்கோடு (/) இருக்கும்; அதற்கு முன்னுள்ள எழுத்து ஒட்டுமொத்த ஷீல்டையும், பின்னுள்ளது ஒவ்வொரு ஜோடிக்குமான ஷீல்டையும் குறிக்கும். எனவே எஃப்/யுடிபி என்றால் வெளியே மட்டும் ஃபாயில். யு/எஃப்டிபி என்றால் ஜோடிகளுக்கு மட்டும். எஸ்/எஃப்டிபி என்றால் வெளியே பிரெய்டு, உள்ளே ஜோடிதோறும் ஃபாயில். எதை வாங்கினாலும், முனையில் பிளாஸ்டிக் பிளக்கைப் போட்டால் ஷீல்டு எதனோடும் சேராமல் அந்தரத்தில் நிற்கும்.

முனையை இணைக்கும் விதத்தில் நேரும் தவறுதான் அதிகச் சேதம் செய்கிறது. கண்ணுக்குச் சரியாகத் தெரிவதால் அதை யாரும் சந்தேகிப்பதும் இல்லை. பிரெய்டை முறுக்கி, 5 செ.மீ. வால்போல் நீட்டி, எர்த் டெர்மினலில் திருகிவிடுவது வழக்கம். ஒரு செ.மீ. கம்பிக்கு ஏறத்தாழ 10 நானோஹென்றி மின்தூண்டல் உண்டு என்று கொண்டால், அந்த வால் 100 மெகாஹெர்ட்ஸில் 30 ஓமுக்கு மேல் மறிப்புக் காட்டும். அந்த அதிர்வெண்ணில் அதை நல்ல இணைப்பு என்று சொல்ல முடியாது. பிரெய்டைச் சுற்றிலும் 360 பாகையும் பற்றிக்கொள்ளும் கிளாம்ப் அல்லது அதற்கென உள்ள உலோக கிளாண்டு (கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் அதை இறுக்கிப் பிடிக்கும் பொருத்தி) இதைத் தீர்க்கும். ஃபாயில் கேபிளில், அலுமினியப் பக்கத்தை ஒட்டி ஓடும் உறையில்லாத கம்பியான டிரெயின் வயரை உறை உரிக்கும்போது வெட்டி எறிந்துவிடுகிறவர்களும் உண்டு. ஃபாயிலில் எளிதில் சால்டர் பிடிக்காது என்பதால், ஷீல்டை எர்த்துடன் சேர்க்க நடைமுறையில் அந்தக் கம்பி ஒன்றே வழி.

ஒரு முனையில் எர்த் செய்வதா, இரு முனையிலுமா என்பதற்கு எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. தெர்மோகப்பிள் (வெப்பநிலை சென்சார்), கருவிகளின் 4–20 மில்லியாம்ப் மின்னோட்ட சிக்னல் போன்ற மெதுவான அனலாக் சிக்னல்களில் இரு முனைகளையும் எர்த் செய்தால், இரண்டு இடங்களின் எர்த் மின்னழுத்த வேறுபாடு காரணமாக ஷீல்டு வழியே மின்னோட்டம் பாய்ந்து, தடுக்க வேண்டிய ஷீல்டே இரைச்சலைக் கொண்டுவரும். இவற்றில் பொதுவாகக் கருவிப் பலகைப் பக்கம் மட்டும் எர்த் செய்து, மறுமுனையை டேப் சுற்றி விடுவார்கள். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டியிலிருந்து மோட்டாருக்குச் செல்லும் கேபிளிலோ நிலைமை நேர்மாறானது. உயர் அதிர்வெண் மின்னோட்டம் தன் மூலத்துக்குத் திரும்ப ஷீல்டே வழி என்பதால், இரு முனைகளையும் கட்டாயம் இணைக்க வேண்டும்.

மெல்லிய செம்பு ஷீல்டு, பக்கத்தில் ஓடும் மின்கேபிளின் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தைத் தடுத்துவிடும் என நம்புவதும் தவறு. அந்த அதிர்வெண்ணில் செம்பின் ஊடுருவல் ஆழம் (புலம் கணிசமாகத் தணியத் தேவையான உலோகத் தடிமன்) சுமார் 9 மி.மீ.; ஷீல்டின் தடிமனோ ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. முறுக்கிய ஜோடிக் கம்பிகளும், இடைவெளியும், குறுக்கே கடக்கும்போது செங்கோணத்தில் கடப்பதுமே இங்கே கைகொடுக்கும்.

எஃகுக் கம்பி ஆர்மர் இயந்திரக் காயத்திலிருந்து கேபிளைக் காப்பதற்கானது. அதையே ஷீல்டாக எண்ணிக் கொள்ளக் கூடாது. 11 கிலோவோல்ட் போன்ற உயரழுத்தக் கேபிள்களின் உலோக ஷீல்டுக்கு வேலையே வேறு: காப்பின் மீது மின்புலத்தைச் சீராகப் பரப்புவது. அதை எங்குமே எர்த் செய்யாமல் விட்டால் தொடுபவருக்கு உயிராபத்தான மின்னழுத்தம் அதில் ஏறி நிற்கும் என்பதால், அந்த இணைப்பைச் சரிபார்க்காமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது.