ஏழு சோழியில் பிழை திருத்தம்

பாம்பன் விசைப்படகுகளில் ஒயர்லெஸ் இரைச்சலில் பேச்சு விட்டுப்போனால், "திரும்பச் சொல்லு" என்பார்கள். அதே படகில் இருக்கும் ஜிபிஎஸ் கருவி செயற்கைக்கோளிடம் அப்படிக் கேட்க முடியாது. செய்தியாக வந்த 0, 1களில் ஏதாவது கெட்டிருக்கிறதா என்று அதுவே கண்டுபிடித்தாக வேண்டும். கடல் எல்லை பக்கத்திலேயே இருக்கிற நம் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

ஏழு சோழி எடுத்துக்கொண்டு மணலில் உட்காருங்கள். மல்லாந்தால் 1, கவிழ்ந்தால் 0.

முதலில் 'ஒத்தையா ரெட்டையா'. நான்கு சோழி தகவல். மல்லாந்தவை மொத்தம் இரட்டைப்படையாக வரும்படி ஐந்தாவதை வையுங்கள். வழியில் ஒன்று புரண்டால் ஒற்றைப்படை ஆகிவிடும். ஆனால் எது புரண்டது என்று தெரியாது. இரண்டு புரண்டால் பிழையே தெரியாது.

பிழை இருப்பதைக் கண்டுபிடிக்கிற கணினிக்கு அது எங்கே என்று தெரியாதா? அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கணித வல்லுநர் ரிச்சர்ட் ஹாமிங்குக்கு இதுதான் எரிச்சல். 1950இல் விடையை வெளியிட்டார். அதைச் செய்து பார்ப்போம்.

சோழிகளை வரிசையாக வைத்து 1 முதல் 7 வரை எண் போடுங்கள். 3, 5, 6, 7இல் தகவல்: 1, 0, 1, 1. மற்ற மூன்றும் (1, 2, 4) பிழையைக் காட்டிக்கொடுக்கும் காவல், கூட்டத்துக்கு ஒன்று. 1, 3, 5, 7 ஒரு கூட்டம். 2, 3, 6, 7 ஒரு கூட்டம். 4, 5, 6, 7 ஒரு கூட்டம். ஒவ்வொன்றிலும் மல்லாந்தவை இரட்டைப்படையாக வேண்டும். அப்போது 1ஆம் இடத்தில் 0, 2இல் 1, 4இல் 0. மொத்தம்: 0110011.

இப்போது நண்பரை ஒரு சோழியைப் புரட்டச் சொல்லித் திரும்பிக்கொள்ளுங்கள். ஆறாவதைப் புரட்டினார் என்று வையுங்கள்: 0110001. முதல் கூட்டம் சரி. இரண்டாவது தப்பு, மூன்றாவதும் தப்பு. தப்பான கூட்டங்களின் காவல் எண்களைக் கூட்டுங்கள்: 2 + 4 = 6. அதைத் திருப்பிவிட்டால் போதும்! எனக்கு முதல் தடவை இது கண்கட்டு வித்தை மாதிரி இருந்தது.

சரி, நண்பர் 5, 6 இரண்டையும் புரட்டினால்? கணக்கு 3ஐக் காட்டும்; நல்லதாக இருந்த சோழியையும் நாமே கெடுத்துவிடுவோம்.

பழைய ஜிபிஎஸ் செய்தியிலும் ஹாமிங் முறையின் சொந்தக்கார முறைதான்: 30 பிட்டில் (ஒரு பிட் என்பது ஒரு 0 அல்லது 1) 24 தகவல், 6 காவல். ஆனால் செயற்கைக்கோள் தன் இருப்பிடக் கணக்கை 30 விநாடிக்கு ஒரு முறை மறுபடியும் அனுப்புகிறது. அதனால் கெட்டதைத் திருத்த மெனக்கெடாமல், தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கலாம்.