அடுப்புக்கு முன் ஆவணமும் ஓட்டமும்: துணை ராணுவப் படைச் சமையலர் தேர்வுக்குத் தயாராகும் முறை

பெங்களூரின் சிவாஜிநகர், அல்சூர், ஸ்ரீராமபுரம், லிங்கராஜபுரம் பகுதிகளில் உள்ள மெஸ்களிலும் தர்ஷினிகள் எனப்படும் நின்றபடி சாப்பிடும் சிற்றுண்டிச் சாலைகளிலும் கல்யாணச் சமையல் குழுக்களிலும் தமிழ் இளைஞர்கள் பலர் வேலை செய்கிறார்கள். நூறு பேருக்குச் சாம்பார் வைக்கவும், நெரிசல் நேரத்தில் கை தடுமாறாமல் பரிமாறவும் தெரிந்த இவர்களுக்கு, துணை ராணுவப் படைகள் எனப்படும் மத்திய ஆயுதக் காவல் படைகளில் கான்ஸ்டபிள் நிலையில் நிரந்தரச் சமையலர் பணி இருக்கிறது என்பது பல நேரங்களில் வயது கடந்த பிறகே தெரியவருகிறது. ஏழாவது ஊதியக் குழுவின் மூன்றாம் நிலையில், ரூ.21,700 அடிப்படைச் சம்பளத்துடனும் அகவிலைப்படி முதலிய படிகளுடனும் தொடங்கும் வேலை இது. சி.ஐ.எஸ்.எஃப். (மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை) 2025இல் வெளியிட்ட கான்ஸ்டபிள் தொழிற்பிரிவு (டிரேட்ஸ்மேன்) அறிவிக்கையில் மொத்தம் 1,161 இடங்கள் இருந்தன. அவற்றில் சமையலருக்கான இடங்களே மிக அதிகம். பி.எஸ்.எஃப். (எல்லைப் பாதுகாப்புப் படை), சி.ஆர்.பி.எஃப். (மத்திய ரிசர்வ் காவல் படை), ஐ.டி.பி.பி. (இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை), எஸ்.எஸ்.பி. (சசஸ்திர சீமா பல்) ஆகிய படைகளும் அவ்வப்போது இதே பணிக்கு ஆள் எடுக்கின்றன.

நன்றாகச் சமைப்பவர் எளிதில் தேறிவிடுவார் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். சமையல் தேர்வு பெரும்பாலும் தகுதியைப் பார்ப்பதற்கு மட்டுமே நடக்கிறது. அதில் தேறினால் போதும், தரவரிசையை முடிவு செய்வது எழுத்துத் தேர்வின் மதிப்பெண்தான். அந்த எழுத்துத் தேர்வை நெருங்குவதற்கு முன்பே ஓட்டத்திலும் உயர அளவிலும் சான்றிதழ் சரிபார்ப்பிலும் பலர் வெளியேறிவிடுகிறார்கள். ஆகவே தயாரிப்பை அடுப்பிலிருந்து தொடங்காமல், ஆவணங்களிலிருந்தும் ஓட்டத்திலிருந்தும் தொடங்குவதே சரியான வரிசை.

சான்றிதழ்கள்: எந்த மாநிலத்தவர் என்று முடிவு செய்தல்

பெங்களூர்த் தமிழர்கள் மிகுந்த கவனம் செலுத்த வேண்டிய இடம் இதுவே. இந்தப் பணியிடங்கள் பொதுவாக மாநில வாரியாகப் பிரிக்கப்படுகின்றன. எந்த மாநிலத்தின் இருப்பிடச் சான்று உங்களிடம் இருக்கிறதோ, அந்த மாநிலத்தின் இடங்களுக்கு மட்டுமே நீங்கள் போட்டியிட முடியும். பிறந்ததும் படித்ததும் பெங்களூரில், ரேஷன் அட்டையும் இங்கே, ஆனால் தந்தையின் சாதிச் சான்றிதழ் மட்டும் தர்மபுரியிலோ திருவண்ணாமலையிலோ வாங்கியது என்ற நிலையில் உள்ள குடும்பங்கள் இந்நகரில் ஏராளம். விண்ணப்பத்தில் கர்நாடகம் என்று குறித்துவிட்டு, சரிபார்ப்பு நாளில் தமிழ்நாட்டு இருப்பிடச் சான்றை நீட்டினால் அங்கேயே நிராகரிக்கப்படுவீர்கள். எனவே அறிவிக்கை வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, எந்த மாநிலத்திலிருந்து விண்ணப்பிப்பது என்று வீட்டில் பேசி முடிவெடுத்து, அந்த மாநிலத்தின் இருப்பிடச் சான்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கர்நாடகமானால் நாடகச்சேரி எனப்படும் அரசின் வருவாய்ச் சேவை அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

சாதிச் சான்றிதழில் இன்னும் நுட்பமான சிக்கல் உண்டு. தமிழ்நாட்டின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ்களும் கர்நாடகத்தின் 2ஏ, 3ஏ போன்ற பிரிவுச் சான்றிதழ்களும் மாநில அரசு வேலைகளுக்கானவை. மத்தியப் படைகளில் ஓ.பி.சி. சலுகை பெற வேண்டுமானால், உங்கள் சாதி மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் அந்தந்த மாநிலத்தின் கீழ் இடம்பெற்றிருக்க வேண்டும். வசதி படைத்த பிரிவை (கிரீமி லேயர்) சேர்ந்தவரல்லர் என்ற குறிப்புடன், மத்திய அரசின் படிவத்தில், அறிவிக்கை சொல்லும் தேதி வரம்புக்குள் சான்றிதழ் வாங்கியிருக்கவும் வேண்டும். ஒரு மாநிலத்தின் பட்டியலில் உள்ள சாதி மற்றொன்றில் இல்லாமல் போவது இயல்பு. பட்டியல் சாதியினர் இடம்பெயர்ந்திருந்தால், தந்தையின் பூர்வீக மாநிலச் சான்றிதழை அடிப்படையாகக் கொண்டு வழங்குவதற்கென்று மத்திய அரசின் படிவத்திலேயே தனிப் பத்தி இருக்கிறது. தாலுகா அலுவலகத்தில் அந்தப் படிவத்தைக் காட்டிக் கேட்டால் வேலை எளிதாகும்.

பெயரையும் இப்போதே சரிபாருங்கள். நம்மவர்களின் முன்னெழுத்து மதிப்பெண் பட்டியலில் ஒருவிதமாகவும், ஆதாரில் தந்தையின் முழுப்பெயராக விரிந்து வேறுவிதமாகவும் இருப்பது மிகவும் சாதாரணம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் பிறந்த தேதியுமே அடிப்படை என்பதால், ஆதாரை அதற்கேற்ப மாற்றிக்கொள்வது நல்லது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதால், எழுத்துப் பிழையில்லாமல் ஒரே முறையில் முடியுங்கள்.

கல்வித் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. ஆனால் பி.எஸ்.எஃப்., ஐ.டி.பி.பி. ஆகிய இரண்டின் அண்மைய அறிவிக்கைகளிலும் அதனுடன், தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகமோ (NSDC) அதனால் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனமோ வழங்கிய, உணவுத் தயாரிப்பு அல்லது சமையலறைத் தொழிலில் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின் (NSQF) முதல் நிலைச் சான்றிதழும் கேட்கப்பட்டது. பத்தாண்டு உணவக அனுபவம் இந்தத் தாளுக்கு ஈடாகாது. பயிற்சி நிலையத்தில் பணம் கட்டுவதற்கு முன், அவர்கள் தரும் சான்றிதழின் மாதிரியை வாங்கிப் பார்த்து, அதில் திறன் நிலையும் வழங்கும் அமைப்பின் பெயரும் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சி.ஐ.எஸ்.எஃப்., சி.ஆர்.பி.எஃப். படைகளுக்கு வயது வரம்பு 18 முதல் 23 வரை, பி.எஸ்.எஃப்., ஐ.டி.பி.பி. படைகளுக்கு 18 முதல் 25 வரை. ஓ.பி.சி.க்கு 3 ஆண்டும் எஸ்.சி., எஸ்.டி.க்கு 5 ஆண்டும் தளர்வு உண்டு. விண்ணப்பக் கட்டணம் ரூ.100 அளவில்தான் இருக்கும், பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் அதுவும் இல்லை. இதற்கு மேல் யாராவது பணம் கேட்டால், அவர் எந்த அதிகாரியின் பெயரைச் சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

உயரமும் ஓட்டமும்

சி.ஐ.எஸ்.எஃப்., சி.ஆர்.பி.எஃப். படைகளில் ஆண்களுக்கு 170 செ.மீ., பெண்களுக்கு 157 செ.மீ. உயரம் தேவை, பி.எஸ்.எஃப்., ஐ.டி.பி.பி. தொழிற்பிரிவுகளில் 165, 155 போதும். உயரம் குறைவாக உள்ளவர் முதல் இரண்டு படைகளுக்காக ஓராண்டைச் செலவழிப்பதில் பயனில்லை. அடுத்த இரண்டையும் குறிவைப்பதே அறிவு. செருப்பில்லாமல், காலை வேளையில், சுவரோடு ஒட்டி நின்று அளந்து பாருங்கள்.

ஓட்டம் படைக்குப் படை மாறுபடும். பி.எஸ்.எஃப்., சி.ஆர்.பி.எஃப். இரண்டிலும் ஆண்கள் 5 கி.மீ. தூரத்தை 24 நிமிடத்திலும், பெண்கள் 1.6 கி.மீ. தூரத்தை 8 நிமிடம் 30 விநாடியிலும் முடிக்க வேண்டும். சி.ஐ.எஸ்.எஃப். ஆண்களுக்கு 1.6 கி.மீ., 6 நிமிடம் 30 விநாடி; பெண்களுக்கு 800 மீட்டர், 4 நிமிடம். இதை 400 மீட்டர் சுற்றுக் கணக்கில் மனத்தில் வைத்துக்கொள்வது பயன் தரும்: 5 கி.மீ. ஓட்டத்தில் ஒரு சுற்றுக்கு 115 விநாடி, சி.ஐ.எஸ்.எஃப். ஆண்கள் ஓட்டத்தில் ஏறத்தாழ 97 விநாடி. முதல் சுற்றை 80 விநாடியில் பாய்ந்து ஓடிவிட்டு மூன்றாம் சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களை எந்தத் தேர்வு மைதானத்திலும் காணலாம். கடிகாரத்தைப் பார்த்துச் சுற்றுக்குச் சுற்று ஒரே வேகத்தில் ஓடப் பழகுவதுதான் பயிற்சியின் சாரம்.

உணவகத்தில் இரவு பதினொரு மணிக்கு வேலை முடித்துவிட்டு விடியற்காலை ஓடுவது எளிதன்று என்பதை நான் நன்கு அறிவேன். தினமும் ஓட முடியாவிட்டாலும், வாரத்தில் நான்கு நாள் ஒழுங்காக ஓடுவது, ஏழு நாளும் தூக்கமில்லாமல் ஓடுவதைவிட மேலானது. அந்த நான்கில் இரண்டு நாள் மெதுவான நீண்ட ஓட்டம், ஒரு நாள் இடைவெளி விட்டு 400 மீட்டர் வேகச் சுற்றுகள், ஒரு நாள் தேர்வுத் தூரத்தை முழுமையாக நேரம் பார்த்து ஓடுதல் என்று பிரித்துக்கொள்ளலாம். கப்பன் பூங்காவின் காலை நேரச் சாலைகள் இதற்கு ஏற்றவை. சில வாரங்களாவது மண் மைதானத்தில் ஓடிப் பழகுங்கள், ஏனெனில் தேர்வு பெரும்பாலும் அப்படிப்பட்ட தரையில்தான் நடக்கும்.

எழுத்துத் தேர்வு

நூறு கேள்விகள், நூறு மதிப்பெண்கள், இரண்டு மணி நேரம் என்பதே வழக்கமான அமைப்பு. பொது அறிவு, அடிப்படைக் கணிதம், பகுத்தறியும் திறன், ஆங்கிலம் அல்லது இந்தி ஆகிய பகுதிகளிலிருந்து பத்தாம் வகுப்பு அளவில் கேள்விகள் வரும். பொதுப் பணிக் கான்ஸ்டபிள் தேர்வு 2024 முதல் தமிழ் உள்ளிட்ட 13 மாநில மொழிகளிலும் நடப்பதைக் கேள்விப்பட்டு, இதுவும் தமிழில் இருக்கும் என்று நம்பி வருபவர்கள் உண்டு. தொழிற்பிரிவுத் தேர்வுத் தாள்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் வந்திருக்கின்றன. தமிழ் வழியில் படித்தவர் கணக்கை அறிந்திருந்தும் கேள்வி புரியாமல் விட்டுவிடுவதே இதில் பெரிய இழப்பு. சதவீதம், விகிதம், சராசரி, தனிவட்டி, வேலையும் காலமும், இலாப நட்டம் ஆகிய கணக்குகளை ஆங்கிலக் கேள்விகளாகவே படித்துப் போடுங்கள். சி.ஆர்.பி.எஃப். 2023 தேர்வில் தவறான விடைக்கு கால் மதிப்பெண் குறைக்கப்பட்டது. எல்லாப் படைகளிலும் விதி ஒன்றல்ல என்பதால் அறிவிக்கையின் அந்த வரியைப் படித்த பிறகே ஊகித்து விடையளிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். கட்டங்களின் வரிசையும் மாறும்: அதே ஆண்டு சி.ஆர்.பி.எஃப். கணினித் தேர்வை முதலில் நடத்தியது, சி.ஐ.எஸ்.எஃப். 2025இல் ஓட்டத்தையும் தொழில் தேர்வையும் முன்னே வைத்தது.

சமையல் தேர்வு

சப்பாத்தி அல்லது சோறு, பருப்பு, காய்கறி, இறைச்சி அல்லது மீன் அல்லது முட்டைக் குழம்பு, பாயசம் அல்லது அல்வா, அவற்றுக்கு முன் காய் நறுக்குதல்: வழக்கமாகக் கேட்கப்படுபவை இவையே. சாம்பாரும் இட்லியும் சில அறிவிக்கைகளில் இடம்பெற்றாலும், நம் இளைஞர்கள் தடுமாறுவது சப்பாத்தியில்தான். பரோட்டா அடிக்கும் கைக்குச் சப்பாத்தி தானாக வந்துவிடாது. ஒரு கிலோ கோதுமை மாவுக்கு ஏறக்குறைய 600 மில்லிலிட்டர் தண்ணீர் என்று தொடங்கி, மாவின் தன்மைக்கேற்பச் சற்றுக் கூட்டிக் குறைத்து, பிசைந்த மாவை ஈரத்துணியால் மூடி அரை மணி நேரம் ஊறவிடுங்கள். ஐம்பது கிராம் உருண்டையானால் முப்பதுக்கு மேல் வரும். எல்லா உருண்டையும் ஒரே அளவில் இருப்பதைத் தேர்வாளர் கண்ணாலேயே அளந்துவிடுவார். ஓரம் தடித்து நடு மெலிந்தால் உப்பாது. தவா போதிய சூடேறுமுன் போட்டால் வறண்டு அப்பளமாகும். எண்ணெய் விடாமல் சுட்டு நேரடித் தணலில் உப்ப வைக்கும் முறையை வீட்டில் நாள்தோறும் இரவுச் சாப்பாட்டுக்குச் செய்து பழகினால், சில வாரங்களில் கை வசப்படும்.

தேர்வாளருக்குப் பழகிய சுவை வடநாட்டுச் சுவையாக இருக்கக்கூடும். துவரம் பருப்போடு புளியைச் சேர்ப்பதை நம் கை தன்னால் செய்துவிடும். பருப்பு கேட்டால் சீரகம், பூண்டு, தக்காளி தாளித்த பருப்பாகவே கொடுங்கள். ராஜ்மா, கொண்டைக்கடலை இரண்டையும் முதல் நாளே ஊறவைக்காவிட்டால் எளிதில் வேகாது என்பதால், அவை தரப்பட்டால் ஊறியவையா என்று முதலில் பாருங்கள். ஊறிய ராஜ்மாவையும் குறைந்தது பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தி பேதியை உண்டாக்கும், ஒரு முகாமுக்கே சமைப்பவர் இதை மறக்கலாகாது. நகம் வெட்டி, தலைக்குத் தொப்பி போட்டு, கையைக் கழுவிவிட்டுத் தொடங்குங்கள். இறைச்சி வெட்டிய பலகையில் காய் நறுக்காதீர்கள். வேலை முடிந்ததும் அடுப்பை அணைத்து இடத்தைத் துடைத்துவிட்டு வாருங்கள். ருசியில் சிறிது குறைந்தாலும், தூய்மையும் ஒழுங்கும் உள்ளவரையே படைகள் விரும்புகின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

மருத்துவப் பரிசோதனை

கண்ணாடி இல்லாமல் ஒரு கண்ணில் 6/6, மற்றதில் 6/9 பார்வை தேவை. கண்ணாடியால் திருத்திய பார்வை ஏற்கப்படாது. தட்டைப் பாதம், முட்டி இடித்தல், மாறுகண் ஆகியவை தகுதியிழக்கச் செய்யும். காலில் நரம்புச் சுருள் (வெரிகோஸ் வெயின்) இருந்தாலும் அப்படியே. மணிக்கணக்கில் நின்றே வேலை செய்யும் சமையற்காரர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம் என்பதால், விண்ணப்பிக்கும் முன்பே அரசு மருத்துவமனையில் ஒரு முறை காட்டிவிடுங்கள். பச்சை குத்தியிருந்தால் இடது முன்கையின் உட்புறம், புறங்கை போன்ற இடங்களில், அந்த உறுப்பின் நான்கில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தாலே ஏற்கப்படும்; வணக்கம் செலுத்தும் வலது முன்கையில் இருந்தால் சிக்கல். தகுதியில்லை என்று எழுதப்பட்டால் மனமுடைந்து உடனே கிளம்பிவிட வேண்டாம். காரணத்தை எழுத்தில் பெற்று, மறு மருத்துவப் பரிசோதனைக்கு எப்போதுக்குள், எந்த வடிவில் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை அந்த இடத்திலேயே கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகு வெளியே வாருங்கள்.