ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்குக் கூடுதல் விளக்கு பொருத்துதல்: வடசென்னைக்கு ஏற்ற முறை

தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் மட்டுமே வண்டி ஓட்டுபவருக்குக் கூடுதல் விளக்கு தேவையே இல்லை. தெருவிளக்கும் முன்னே போகும் பேருந்தும் போதுமான வெளிச்சம் தருகின்றன. மீஞ்சூரைத் தாண்டிப் பொன்னேரி, பழவேற்காடு பக்கம் இரவில் போகிறவருக்கும், எண்ணூரிலிருந்து காட்டுப்பள்ளித் துறைமுகம் வரை கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டுகிறவருக்கும்தான் அதன் அருமை தெரியும். பின்விளக்கு எரியாமல் சாலையோரம் நிற்கும் டிரெய்லர் ஒன்று டிம் வெளிச்சத்தில் கண்ணுக்குப் படும்போது, 60 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டரைக் கடந்துகொண்டிருக்கும் வண்டியை நிறுத்த இடம் போதாமல் போகலாம்.

ஆகவே இங்கே வேண்டியது சாலையின் இரு ஓரங்களையும் காட்டும் அகன்ற ஒளிதானே தவிர, தொலைதூரத்தில் ஊசிபோல் குத்தும் ஒளி அன்று. ஒடுங்கிய ஒளிக்கற்றை கொண்ட விளக்கு நேரான, ஆளில்லாத நெடுஞ்சாலைக்குப் பொருந்தும். வளைவும் சைக்கிளும் மாடும் நிறைந்த நம் பக்கத்துச் சாலைகளில் ஓரம் இருட்டாகவே கிடக்கும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் லூமென் (மொத்த ஒளியின் அளவு) எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். எல்.இ.டி. சில்லுகள் தரக்கூடிய உச்ச அளவைக் கூட்டிப் போட்ட கணக்காகவே அது பெரும்பாலும் இருக்கும்; அந்த ஒளி எங்கே விழுகிறது என்பதைத் தீர்மானிப்பவை பிரதிபலிப்பானும் கண்ணாடியும்தான். மிகையான வெண்ணொளி வெளிவட்டச் சாலையின் பெரிய பச்சைப் பலகைகளில் பட்டுத் திரும்பி ஓட்டுநரின் கண்ணையே கூச வைக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மார்கழிப் பனிக்கும் போகிப் புகைக்கும் மஞ்சள் விளக்குதான் என்று கடைக்காரர்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. மஞ்சள் ஒளி சிலருக்குக் கூச்சம் குறைவாகத் தெரியும். ஆனால் பனியில் உண்மையாக உதவுவது, பம்பரில் தாழ்வாகப் பொருத்தப்பட்டு, மேல்விளிம்பு சீராக வெட்டப்பட்ட ஒளியைத் தரும் ஃபாக் லைட்.

பொருத்துமிடத்தை முடிவு செய்யும் முன் சட்டத்தைப் பார்த்துவிடுவது நல்லது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 111ஆம் விதி, வண்டியின் முன்புறம் ஸ்பாட் லைட்டோ சர்ச் லைட்டோ பொருத்துவதைத் தடை செய்கிறது. விதிவிலக்கான சூழலில் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். ஆகவே வாங்கும் முன்னரே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விளக்கு மாட்டுவதற்காகவே பம்பருக்கு முன்னே புல் பார் என்னும் உலோகச் சட்டம் போடும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். அது சட்டவிரோதம் என்று மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதலின்போது அது பாதசாரிக்கும் ஆபத்து, வண்டிக்குள் இருப்பவருக்கும் ஆபத்து. தார், ஜிம்னி, கூர்க்கா போன்ற வண்டிகளில் பம்பரைத் தாங்கும் உறுதியான பாகத்தில் பிராக்கெட் அமைத்து, ரேடியேட்டருக்குக் காற்று வரும் வழி மறையாதபடியும், ஏர்பேக் சென்சார் இருக்கும் இடத்தைத் தொடாதபடியும் விளக்கைப் பூட்டலாம். கூரை மேல் போடும் நீள விளக்கைப் பொதுச்சாலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் ஒளி பானெட்டில் தெறித்து ஓட்டுநரின் பார்வையைத்தான் முதலில் கெடுக்கும்.

வேலையின் உயிர்நாடி வயரிங்கில் இருக்கிறது. 55 வாட் ஹாலஜன் விளக்குகள் இரண்டு எரியும்போது ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. பேட்டரியிலிருந்து விளக்குக்குப் போகவர 6 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1 சதுர மில்லிமீட்டர் வயரில் ஏறக்குறைய 1 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். ஹாலஜன் விளக்கில் இந்த 1 வோல்ட் இழப்பு வெளிச்சத்தில் ஏறத்தாழ கால் பங்கைத் தின்றுவிடுகிறது. அதாவது காசு கொடுத்து வாங்கிய வெளிச்சம் வயரைச் சூடாக்கப் போய்விடுகிறது. 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் போட்டால் இழப்பு 0.4 வோல்ட்டுக்குள் நிற்கும். எல்.இ.டி. விளக்குக்கு மின்னோட்டம் பெரும்பாலும் குறைவு என்றாலும் வயரின் தரத்தைக் குறைக்கக் கூடாது.

இந்த மின்னோட்டத்தை டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகக் கொண்டுபோனால் சுவிட்ச் கருகும். அதற்காகத்தான் 12 வோல்ட், 40 ஆம்பியர் ரிலே: சுவிட்ச் தரும் சிறு மின்னோட்டத்தைக் கொண்டு விளக்கின் பெரிய மின்னோட்டத்தை இணைக்கவும் துண்டிக்கவும் செய்யும் கருவி. அதன் அடியில் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 30ஆம் முனைக்குப் பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக வயர் வர வேண்டும், 87ஆம் முனையிலிருந்து விளக்குகளுக்குப் போக வேண்டும், 85 எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் பக்கம்), 86ஆம் முனைக்கு டாஷ்போர்டு சுவிட்ச் வழியாக ஹை பீம் வயரின் சமிக்ஞை. ஐந்து முனை ரிலே கிடைத்தால் நடுவில் உள்ள 87ஏ முனையை வெறுமனே விட்டுவிடுங்கள். அதில் விளக்கை இணைத்தால் ரிலே ஓய்ந்திருக்கும்போதுதான் விளக்கு எரியும். ஃபியூஸ் காப்பது விளக்கையன்று, வயரை. எனவே அதைப் பேட்டரியை ஒட்டி, ஒரு சாண் தூரத்துக்குள் வைக்க வேண்டும். வேலையைத் தொடங்கும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைத்துவிட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

ஹை பீமிலிருந்து சமிக்ஞை எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எதிரே லாரி வரும்போது டிம் செய்தால், கூடுதல் விளக்கும் அதே நொடியில் தானாக அணைய வேண்டும். தனிச் சுவிட்ச் மட்டும் வைத்து, ஒவ்வொரு முறையும் கைநீட்டி அணைத்துக்கொள்ளலாம் என்பவர்கள் இரண்டாம் நாளே அணைக்காமல் ஓட்டத் தொடங்கிவிடுகிறார்கள். சில வண்டிகளில் ஹெட்லைட்டுக்குப் பாசிட்டிவ் எப்போதும் இருந்து, சுவிட்ச் நெகட்டிவ் பக்கத்தில் வேலை செய்யும். எனவே மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் வயரைத் தொடக் கூடாது. புதிய வண்டிகளில் விளக்குகளைக் கணினிப் பெட்டி ஒன்று கட்டுப்படுத்துவதால், கம்பெனி வயரை வெட்டாமல், ஹெட்லைட் கப்ளரில் இடையே செருகும் இணைப்பை வாங்கிப் பயன்படுத்துவதே வாரண்டிக்கும் பாதுகாப்பு. ரிலே சுருள் அணையும்போது எழும் திடீர் மின்னழுத்த எழுச்சி அந்தப் பெட்டியைப் பாதிக்காமல் இருக்க, உள்ளே டயோடோ ரெசிஸ்டரோ உள்ள ரிலேயைக் கேட்டு வாங்குங்கள். டயோடு உள்ளதில் 85, 86 முனைகளை மாற்றி இணைக்கக் கூடாது.

இனி, நம் ஊருக்கே உரிய எதிரி: உப்புக்காற்று. காசிமேட்டிலும் எண்ணூரிலும் இரவு முழுவதும் வெளியே நிற்கும் வண்டியில் இரண்டு வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினால், வெயிலில் பசை உருகி, உப்பு உள்ளே புகுந்து, செம்பு பச்சை பூத்துவிடும். லக் எனும் உலோக முனையை வயரில் கிரிம்ப் செய்து (அழுத்தி இறுக்கி), மேலே சூட்டில் சுருங்கி ஒட்டும் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுவதே நிற்கும். விளக்கு மங்குவதற்கும் மினுக்குவதற்கும் பெரும்பாலான நேரங்களில் எர்த் தான் காரணம் என்பதால், முடிந்தால் நெகட்டிவ் வயரையும் பேட்டரி வரை கொண்டுபோங்கள். பாடியில் எர்த் எடுப்பதானால், பெயின்ட்டைப் பளபளக்கும் உலோகம் தெரியும்வரை சுரண்டி, போல்ட்டை இறுக்கியபின் வாசலின் தடவுங்கள். அலுமினிய விளக்கு உடலில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டை நேராக மாட்டினால், உப்பு ஈரத்தில் அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடியாக உதிரும். இடையே நைலான் வாஷர் வைக்க வேண்டும். பிராக்கெட்டில் துளையிட்ட விளிம்புக்கு ரெட் ஆக்சைடு (துருத் தடுப்பு பெயின்ட்) அடிக்காமல் மாட்டக் கூடாது. வயர்கள் நெளிவு ஸ்லீவுக்குள் ஓட வேண்டும், இன்ஜினுக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள ஃபயர்வாலைக் கடக்கும் இடத்தில் ரப்பர் கிரோமெட் (துளை விளிம்பு வயரை அறுக்காமல் காக்கும் வளையம்) இருக்க வேண்டும். குடோன் பகுதி எலிகளுக்கு இவையெல்லாம் பொருட்டில்லை, அது தனிக் கதை.

மழைக்காலத்தில் வியாசர்பாடிச் சுரங்கப்பாதைகளில் தேங்கும் நீரில் சூடான விளக்கு மூழ்கினால், உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி நீரை உறிஞ்சும். ஐ.பி.67 குறியீடு 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்பதைச் சொல்கிறது. அதனுடன் காற்றோட்டச் சவ்வு உள்ள விளக்கைத் தேர்ந்தெடுங்கள். விளக்குக்குப் போகும் வயரைக் கீழ்நோக்கி வளைத்துவிட்டால், வழியும் நீர் இணைப்பில் இறங்காமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

கடைசியாக ஒளியைச் சரிசெய்வது. டயர்களில் சரியான காற்றுடன், வழக்கமாக ஏற்றும் சுமையுடன், சமதரையில், ஒரு கிடங்கின் வெறும் சுவரிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். விளக்கின் மைய உயரத்தை அளந்து சுவரில் டேப் ஒட்டுங்கள். ஒரு விளக்கைத் துணியால் மூடி, மற்றதன் மிகப் பிரகாசமான பகுதி அந்தக் கோட்டுக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் கீழே விழும்படி திருப்பி இறுக்குங்கள். எல்.இ.டி.யானாலும் வெகுநேரம் மூடி வைக்க வேண்டாம், சூடேறும். பிறகு டிம் போட்டு, கூடுதல் விளக்கு அணைந்ததா என்று பார்த்துவிட்டு, 106ஆம் விதி சொல்லும் இடத்தில் நின்று பாருங்கள்: விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், அதன் வலப்பக்கம் அரை மீட்டர் தள்ளி, கண் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில். அங்கே கண் கூசினால் ஹெட்லைட்டையும் சேர்த்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை மீண்டும் இறுக்குங்கள். மணலியின் குழிச் சாலைகளில் அவை தளர்ந்தே இருக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் ஒவ்வோர் ஆண்டும் எர்த் இணைப்பைக் கழற்றிச் சுத்தம் செய்து, விளக்கு எரியும்போது பேட்டரி முனையிலும் விளக்கின் முனையிலும் வோல்ட்டை அளந்து பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால், விளக்கை மாற்றாதீர்கள். இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.