கணினிப் பொறியியல் படிப்பு: செலவையும் பயனையும் ஒப்பிடுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வு நெருங்கும்போது, "வருஷத்துக்கு ஃபீஸ் எவ்வளவு?" என்ற ஒரே கேள்வியைக் கொண்டு கல்லூரிகளை வரிசைப்படுத்துவது பல குடும்பங்கள் செய்யும் முதல் தவறு. சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குக் கட்டண நிர்ணயக் குழு 2017இல் 50,000 ரூபாயும், என்.பி.ஏ. (பாடப்பிரிவுகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுகளுக்கு 55,000 ரூபாயும் வரம்பாக வைத்தது. ஆனால் விடுதி, பேருந்து, "வேலைவாய்ப்புப் பயிற்சி" என்று பல பெயர்களில் சேரும் தொகை சில இடங்களில் கல்விக் கட்டணத்தையே மிஞ்சிவிடும். ஆகவே நான்கு ஆண்டுகளுக்குமான மொத்தச் செலவை எழுத்தில் கேட்டுப் பெற்ற பிறகே ஒப்பிட வேண்டும்.

இதைவிட வேதனையான தவறு, தேர்வு முடிவுக்கு முன்பே, இடம் போய்விடுமோ என்ற பதற்றத்தில் நிர்வாக ஒதுக்கீட்டுக்கு முன்பணம் கட்டுவது. முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்கே உரியவை. பின்னதில் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது என்பதை அறியாமல் கடன் வாங்கும் குடும்பங்களை நினைத்தால் மனம் ஆறவில்லை.

கல்விக் கடனில், படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியைக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறோம். ஆண்டுக்கு 1.5 லட்சம் வீதம் 6 லட்சம் ரூபாயை 10 சதவீத வட்டிக்கு வாங்கி, படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் திருப்பத் தொடங்கினால், அதற்குள் தனிவட்டி மட்டுமே 2.1 லட்சம் ஆகியிருக்கும். அந்த 8.1 லட்சத்தைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 10,700 ரூபாய். பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்கள் புதியவர்களுக்குப் பரவலாகத் தரும் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் என்ற அளவிலான சம்பளத்தில் இது சிறிய பங்கு அல்ல.

பயனை அளக்கும்போது, விளம்பரப் பலகையில் மின்னும் அதிகபட்ச "பேக்கேஜ்" ஒரே ஒரு மாணவருடையது. சராசரியையும் அத்தகைய இரண்டு மூன்று பேர் உயர்த்திவிட முடியும். என்.ஐ.ஆர்.எஃப். என்னும் மத்திய அரசின் கல்வி நிறுவனத் தரவரிசைக்காகக் கல்லூரிகள் அளிக்கும் தரவில் சேர்ந்தவர்கள், உரிய காலத்தில் முடித்தவர்கள், வேலை பெற்றவர்கள், இடைநிலைச் சம்பளம் (ஏறுவரிசையில் அடுக்கினால் நடுவில் வரும் சம்பளம்) ஆகியவை தனித்தனியே இருக்கும். 300 பேர் சேர்ந்து, 240 பேர் முடித்து, 150 பேர் வேலை பெற்றிருந்தால், 160 பேரை மட்டும் "தகுதியுடையோர்" என்று கணக்கிட்டு 94 சதவீதம் என்று அறிவிக்க இடமுண்டு. சேர்ந்தவர்களை வைத்துப் பார்த்தால் அது பாதிதான். அந்தத் தரவு எல்லாத் துறைகளுக்கும் பொதுவானது என்பதால், கணினித் துறையின் எண்ணிக்கையைத் தனியாகக் கேட்க வேண்டும்.

உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக் தரும் தரம் கல்லூரி முழுமைக்கும் உரியது; என்.பி.ஏ. அங்கீகாரம் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாக, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கிடைப்பது. செயற்கை நுண்ணறிவு, சைபர் பாதுகாப்பு என்று அண்மையில் தொடங்கிய பிரிவுகளுக்குக் கல்லூரியின் பழைய பெயரை நம்பிக் கூடுதல் பணம் கட்டும் முன், அந்தப் பிரிவுக்கு அங்கீகாரம் உள்ளதா என்று பார்ப்பது அவசியம். 2024-25 முதல், தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் அகில இந்தியக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. இடங்களுக்கான உச்சவரம்பை நீக்கியதால் கணினிப் பிரிவுகளில் இடங்களைப் பெருக்கக் கல்லூரிகளுக்கு வழி திறந்துவிட்டது. இருபது மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதம் அங்கே உண்மையில் உள்ளதா என்பதை, அதே துறையில் இப்போது படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவர்களிடமே விசாரிக்கலாம்.